காலேஜ் ஃபீஸுக்கு அரசு தரும் பணம்: யாருக்குக் கிடைக்கும், எங்கே கைநழுவும்?

பிளஸ் 2 ரிசல்ட் வந்த கையோடு வீட்டுக்கு போன் வரும். "உங்க பொண்ணுக்கு எங்க காலேஜ்ல சீட் ரெடி. 10 ஆயிரம் அட்வான்ஸ் கட்டிடுங்க, ஸ்காலர்ஷிப்பை நாங்க பாத்துக்கிறோம்." திருச்சியிலிருந்து திண்டுக்கல் போகும் பாதையில், மணப்பாறையைத் தாண்டி இருக்கும் வையம்பட்டி போன்ற ஊர்களில் இந்த போனை நம்பிப் பணம் கட்டும் குடும்பங்கள் உண்டு. மழையை நம்பிய விவசாயம், கூலி வேலை, நாலு ஆடு மாடு. வீட்டில் யாரும் காலேஜ் வாசலை மிதித்ததில்லை. போனில் பேசுகிறவர் விவரம் தெரிந்தவர் போலத்தான் இருக்கிறார்.

ஆனால் அந்த அட்வான்ஸைக் கட்டி மேனேஜ்மென்ட் சீட்டில் சேர்ந்த நிமிடத்தில், அரசு கொடுக்கக்கூடிய பெரிய சலுகைகள் பலவும் கையைவிட்டுப் போய்விடலாம். அரசுப் பணம் மார்க்கை மட்டும் பார்த்து வருவதில்லை. 6-ம் வகுப்பிலிருந்து எந்தப் பள்ளியில் படித்தார், எந்த வழியாக காலேஜில் சேர்ந்தார், எந்த வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறது என்ற மூன்றையும் பார்த்துத்தான் வருகிறது. முதலாவதை இனி மாற்ற முடியாது. மற்ற இரண்டும் குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது.

கவுன்சிலிங்கா, மேனேஜ்மென்ட்டா?

பொறியியலை எடுத்துக்கொள்வோம். சுயநிதிக் கல்லூரிகளில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு ஆண்டுக்கு 50 ஆயிரம் ரூபாய், தேசிய அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவு என்றால் 55 ஆயிரம் ரூபாய் என 2017-ல் கட்டண நிர்ணயக் குழு முடிவு செய்தது. நிர்வாக ஒதுக்கீட்டுக்கு அதே குழு வைத்த தொகை 85 ஆயிரமும் 87 ஆயிரமும். அதாவது ஒரே வகுப்பில், ஒரே பெஞ்சில் உட்காரும் இரண்டு பேருக்கு, வந்த வழியைப் பொறுத்து ஆண்டுக்கு 30 ஆயிரம் ரூபாய்க்கு மேல் வித்தியாசம். சலுகைகளைக் கணக்கில் சேர்ப்பதற்கு முன்பே இந்த வித்தியாசம் வந்துவிடுகிறது.

இப்போது சலுகைகளைப் பார்ப்போம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு முதலில் 2020-ல் மருத்துவப் படிப்புகளுக்கு வந்தது. 2021-ல் தனிச் சட்டம் மூலம் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் விரிவானது. அதே ஆண்டு செப்டம்பரில், இந்த ஒதுக்கீட்டில் தொழிற்படிப்புகளில் சேருகிறவர்களின் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம், கவுன்சிலிங் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்கும் என்று முதல்வர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். சாதி வரம்போ வருமான வரம்போ கிடையாது. நான்கு ஆண்டு இன்ஜினியரிங் படிப்பில் ஒரு குடும்பத்துக்கு மிச்சமாகும் பணத்தைப் பார்த்தால், தமிழ்நாட்டில் ஓர் அரசுப் பள்ளி மாணவருக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய உதவி இதுதான்.

இதில் இரண்டு இடத்தில் பலர் தடுமாறுகிறார்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும் என்பது ஒன்று. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் 8-ம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்து, 9-லிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கும் இடம் உண்டு. ஆனால் அரசு உதவி பெறும் பள்ளி இதில் வராது. சம்பளம் அரசு கொடுக்கிறது, புத்தகம் அரசு கொடுக்கிறது, அதனால் நம்ம பள்ளியும் கவர்மென்ட் ஸ்கூல்தான் என்று நினைத்து விண்ணப்பித்துவிட்டு, சான்றிதழ் சரிபார்ப்பில் ஏமாந்து திரும்பும் நிலை வரலாம். நகராட்சி, மாநகராட்சி, ஆதிதிராவிடர் நலம், கள்ளர் சீரமைப்புத் துறைப் பள்ளிகள் அரசுப் பள்ளிக் கணக்கில் வரும்.

இரண்டாவது, இந்த ஒதுக்கீட்டு இடத்தை உறுதி செய்தவருக்குத்தான் கட்டணச் சலுகை. "கொஞ்சம் பெரிய காலேஜா கிடைக்குதே" என்று பொதுப்பிரிவு இடத்தை எடுத்தால் இந்தச் சலுகை கூடவே வராது. அந்த முடிவை எடுக்க கவுன்சிலிங்கில் கிடைப்பது ஓரிரு நாள்தான். வீட்டில் முன்கூட்டியே உட்கார்ந்து பேசிவைத்துக்கொள்வது நல்லது.

முதல் பட்டதாரி சலுகை

அரசுப் பள்ளியில் படிக்கவில்லை என்றாலும் கதவு மூடிவிடவில்லை. குடும்பத்தில் இதுவரை யாரும் டிகிரி வாங்கவில்லை என்றால், முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை இருக்கிறது. 2010-11 கல்வியாண்டிலிருந்து நடைமுறையில் உள்ள திட்டம் இது. தொழிற்படிப்பில் கவுன்சிலிங் வழியாகச் சேருகிறவர்களின் படிப்புக் கட்டணத்தில் ஒரு பகுதியை அரசு ஏற்கிறது. இங்கும் வருமான வரம்பு இல்லை. மேனேஜ்மென்ட் சீட்டுக்கு இல்லை என்பதுதான் இதிலும் முக்கிய விதி.

ஒரு குடும்பத்தில் ஒருவருக்கு மட்டுமே இது கிடைக்கும். அக்கா இந்தச் சலுகையில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தால், தம்பிக்குக் கிடையாது. மாணவரும் பெற்றோரும் சேர்ந்து உறுதிமொழிப் படிவம் ஒன்றில் கையெழுத்துப் போட வேண்டும். சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். சாதி, இருப்பிடம், வருமானம், முதல் பட்டதாரி என வருவாய்த் துறைச் சான்றிதழ் எதுவானாலும் மையத்தில் 60 ரூபாய்க் கட்டணம்தான். விண்ணப்பம் வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் என்று படியேறி மணப்பாறை தாலுகா அலுவலகம் வரை போய்த் திரும்ப வேண்டும். ரிசல்ட் வந்த பிறகு எல்லோரும் ஒரே வாரத்தில் விண்ணப்பிப்பதால் தாமதமாகும். ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் பரீட்சை முடிந்ததுமே விண்ணப்பித்துவிட வேண்டும். வருமானச் சான்றிதழுக்கு மட்டும் ஓராண்டுதான் ஆயுள். பழசை வைத்துக்கொண்டு அடுத்த வருஷம் ஸ்காலர்ஷிப் கேட்டால் நிராகரிப்புதான்.

எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களிடம் ஃபீஸ் கேட்டால்?

போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப் என்ற பெயர் எல்லோருக்கும் தெரியும். அது எப்படி வேலை செய்கிறது என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கானது. எஸ்.சி. மாணவர்களுக்கான செலவில் 60 சதவீதம் மத்திய அரசு, 40 சதவீதம் மாநில அரசு என்று 2020-21-ல் பங்கீடு மாற்றப்பட்டது. அந்த மாற்றத்தோடு இன்னொன்றும் வந்தது. முன்பு காலேஜுக்குப் போய்க்கொண்டிருந்த பணம், இப்போது மாணவரின் கணக்குக்கே நேரடியாக வருகிறது.

குழப்பம் ஆரம்பிப்பது இங்கேதான். காலேஜ் திறப்பது ஒரு மாதம், ஸ்காலர்ஷிப் வருவது பல மாதம் கழித்து. இடையில் "ஃபீஸ் கட்டலைன்னா ஹால் டிக்கெட் இல்லை" என்று அலுவலகத்தில் சொன்னால், பெற்றோர் வட்டிக்கு வாங்கப் போகிறார்கள். தகுதியுள்ள மாணவர்களிடம் சேரும்போது கட்டணம் கேட்கக் கூடாது, பணம் வந்த பின் அவர்கள் செலுத்தினால் போதும் என்பதுதான் இந்தத் திட்டத்தின் ஏற்பாடு. அப்படி யாராவது நெருக்கினால் மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுக்கலாம். திருச்சி கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம்.

மறுபக்கமும் உண்டு. கணக்குக்கு வந்த பணத்தில் கட்டணத்துக்கான பகுதியை உடனே காலேஜில் கட்டிவிட வேண்டும். வீட்டுச் செலவில் கரைந்துவிட்டால் அது காலேஜ் பாக்கியாக நின்று, டி.சி. வாங்கும் நாளில் வந்து முட்டும். இந்த ஸ்காலர்ஷிப்பும் மேனேஜ்மென்ட் ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்குக் கிடையாது.

பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர் மாணவர்களுக்கு ஏற்பாடு வேறு. அரசு மற்றும் அரசு உதவி பெறும் கல்லூரியில் 3 ஆண்டு இளநிலைப் பட்டம் படித்தால், இலவசக் கல்வித் திட்டத்தில் வருமான நிபந்தனை இல்லாமலே உதவித்தொகை கிடைக்கும். முதுநிலை, பாலிடெக்னிக், தொழிற்படிப்பு என்றால் பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்தைத் தாண்டக் கூடாது. விண்ணப்பம் எல்லாமே யு.எம்.ஐ.எஸ். என்ற பல்கலைக்கழக இணையதளப் பதிவு வழியாகத்தான். அந்தப் பதிவை காலேஜில் உள்ள பொறுப்பு அலுவலர் சரிபார்க்க வேண்டும். அவர் யார் என்று முதல் வாரத்திலேயே தெரிந்துவைத்துக்கொள்வது, ஃபார்மைத் தேடி அலைவதை விடப் பயன் தரும்.

மாதம் 1,000 ரூபாய்: மெசேஜ் வருது, பணம் வரல

புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கியது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் முன்பு திருமண உதவித் திட்டம் இருந்தது. தாலிக்குத் தங்கம் கொடுத்த அந்தத் திட்டம்தான் மாணவிகளின் உயர்கல்விக்கான பணமாக மாற்றப்பட்டது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவி பட்டப்படிப்பு, டிப்ளமோ, ஐ.டி.ஐ. என எதில் சேர்ந்தாலும் படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய். மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9-ல் கோவையில் தொடங்கியது. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் அதில் உண்டு. அதே பள்ளிகளின் மாணவிகளுக்கு 2024 டிசம்பர் இறுதியில் புதுமைப் பெண் திட்டம் விரிவானது. ஆக, 7.5 சதவீதத்தில் வராத உதவி பெறும் பள்ளி, தமிழ் வழி என்றால் இங்கே வந்துவிடுகிறது.

வேறு ஸ்காலர்ஷிப் வாங்கினாலும் இந்த ஆயிரம் தனியாகக் கிடைக்கும். அஞ்சல் வழிப் படிப்புக்கு இல்லை. மூன்று ஆண்டு டிகிரிக்கு மொத்தம் 36 ஆயிரம் ரூபாய். அரசுக் கல்லூரியில் படிக்கும் பிள்ளைக்கு பஸ், சாப்பாடு, ஜெராக்ஸ், பரீட்சை ஃபீஸ் என்று மாதாமாதம் வரும் சில்லறைச் செலவில் பெரும்பகுதியை இது தாங்கும்.

இந்தப் பணம் நின்றுபோவதற்கு அடிக்கடி சொல்லப்படும் காரணம் வங்கிக் கணக்கு. அரசு நேரடியாக அனுப்பும் பணம் கணக்கு எண்ணைப் பார்த்துப் போவதில்லை, ஆதாரைப் பார்த்துப் போகிறது. ஒருவருக்கு இரண்டு மூன்று கணக்கு இருந்தால், ஆதார் கடைசியாக எதில் நேரடிப் பணப் பரிமாற்றத்துக்காக இணைக்கப்பட்டதோ அதில்தான் பணம் விழும். 8-ம் வகுப்பில் பள்ளி உதவித்தொகைக்காகத் தொடங்கி, பாஸ்புக்கே தொலைந்துபோன பழைய கணக்கில் ஆறு மாதப் பணம் உறங்கிக்கொண்டிருக்கலாம். "பேங்க்ல ஆதார் ஜெராக்ஸ் கொடுத்துட்டேனே" என்பது போதாது. அது கே.ஒய்.சி. மட்டும். நேரடிப் பணப் பரிமாற்றத்துக்கான இணைப்பு தனி, அதற்குத் தனிப் படிவம் உண்டு. ஆதார் இணையதளத்தில் நுழைந்து, வங்கி இணைப்பு நிலையைப் பார்த்தால் எந்த வங்கி என்று தெரிந்துவிடும். ஒன்றும் இல்லை என்றால் தபால்காரரிடமே ஆதாரும் மொபைலும் கொடுத்து இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கியில் கணக்கு தொடங்கலாம். வையம்பட்டியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் கிராமங்களுக்கு இது சுலபமான வழி.

பக்கத்துக் காலேஜும் ஒரு ஸ்காலர்ஷிப்தான்

பணத்தைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் எவ்வளவு கிடைக்கும் என்றுதான் கேட்கிறார்கள். எவ்வளவு செலவாகாது என்பதும் அதே கணக்குதான். 2022 ஜூலையில் தமிழ்நாட்டில் புதிதாகத் திறக்கப்பட்ட அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் மணப்பாறையும் ஒன்று. வையம்பட்டிப் பிள்ளைகள் வீட்டிலிருந்தே போய்வரும் தூரம். கட்டணமில்லா நகரப் பேருந்து ஓடும் தடம் என்றால் மாணவிகளுக்கு டிக்கெட் செலவும் இல்லை. இன்ஜினியரிங் என்றால் சேதுராப்பட்டியில் அரசு பொறியியல் கல்லூரியும் திருச்சியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் பி.ஐ.டி. வளாகமும் இருக்கின்றன. தங்கிப் படிக்க வேண்டியிருந்தால் அரசு நல விடுதிகளில் உணவும் தங்குமிடமும் இலவசம். பிற்படுத்தப்பட்டோர் விடுதிக்கு வீடு குறைந்தது 8 கி.மீ. தள்ளி இருக்க வேண்டும் என்ற விதி மாணவிகளுக்குப் பொருந்தாது.

திருச்சி என்.ஐ.டி. என்றதுமே "அதெல்லாம் பணக்காரப் பிள்ளைகளுக்கு" என்ற எண்ணம் இருக்கிறது. உண்மையில் என்.ஐ.டி.களில் எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குப் படிப்புக் கட்டணம் முழுத் தள்ளுபடி. குடும்ப வருமானம் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்குள் என்றால் மற்றவர்களுக்கும் முழுத் தள்ளுபடி, 1 முதல் 5 லட்சம் வரை என்றால் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. 2024-ல் திருச்சி மாவட்டம் பச்சமலையைச் சேர்ந்த பழங்குடி மாணவி ஒருவர் ஜே.இ.இ. எழுதி அங்கே இடம்பிடித்தார். அவருடைய படிப்புச் செலவை ஏற்க மாநில அரசு முன்வந்தது.

மத்திய அரசின் உதவித்தொகைகளுக்குத் தேசிய ஸ்காலர்ஷிப் இணையதளம் இருக்கிறது. பிளஸ் 2-வில் தங்கள் போர்டில் முதல் 20 சதவீதத்துக்குள் வந்தவர்களுக்கு, குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், ஆண்டுக்கு 12 ஆயிரம் ரூபாய். நான்காம் ஆண்டிலிருந்து 20 ஆயிரம். வேறு ஸ்காலர்ஷிப்போ கட்டணச் சலுகையோ வாங்குகிறவர்களுக்கு இது கிடைக்காது, எனவே எது லாபம் என்று பார்த்துத்தான் விண்ணப்பிக்க வேண்டும். இன்ஜினியரிங், டிப்ளமோ மாணவிகளுக்கு ஏ.ஐ.சி.டி.இ.யின் பிரகதி உதவித்தொகை ஆண்டுக்கு 50 ஆயிரம் ரூபாய். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்கலாம். ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் வரை வாங்கலாம். எதுவானாலும் வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். முதல் வருஷம் வாங்கிவிட்டு இரண்டாம் வருஷம் மறந்துபோவது சாதாரணமாக நடப்பதுதான்.

கடைசியில்தான் கல்விக் கடன்

மேலே சொன்னதெல்லாம் போக மிச்சத் தொகைக்கு மட்டும் கடன் கேட்பது புத்திசாலித்தனம். வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் 4 லட்சம் ரூபாய் வரை சொத்து அடமானமோ மூன்றாம் நபர் ஜாமீனோ தேவையில்லை. விண்ணப்பத்தை வித்யாலட்சுமி இணையதளத்தில் போட்டால் அதற்கு எண் இருக்கும். வங்கி மேனேஜர் "அப்புறம் வாங்க" என்று வாய்வார்த்தையில் திருப்பி அனுப்ப முடியாது, காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். "உங்க ஊர் எங்க பிராஞ்ச் ஏரியாவில் வராது" என்பதைக் காரணமாகச் சொல்லக் கூடாது என்று 2012-லேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது.

படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டாம். ஆனால் அந்தக் காலத்திலும் வட்டி ஓடும். ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு ஆண்டு, 10 சதவீத தனி வட்டி என்று வைத்துக்கொண்டால், தவணை தொடங்கும் நாளில் வட்டி மட்டும் சுமார் 1.4 லட்சம் சேர்ந்திருக்கும். 4 லட்சம் வாங்கியவர் 5.4 லட்சத்தில் தொடங்குகிறார். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் தொழில்நுட்பப் படிப்போ தொழிற்படிப்போ படித்தால் இந்த வட்டி முழுவதையும் மத்திய அரசு கட்டும் திட்டம் உண்டு. அதற்கு வருமானச் சான்றிதழைக் கொடுத்து, வட்டி மானியத்தில் பெயர் சேர்ந்ததா என்று வங்கியில் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். கேட்காமல் விட்டால் வட்டி நம் தலையில். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், தேர்ந்தெடுக்கப்பட்ட தரமான கல்வி நிறுவனங்களில் படித்தால் 8 லட்சம் வரை வருமானம் உள்ள குடும்பங்களுக்கும் 3 சதவீத வட்டி மானியம் கிடைக்கும்.

ஏற்கெனவே அட்வான்ஸ் கட்டியாச்சே?

கட்டிவிட்டாலும் கவுன்சிலிங்குக்குப் போகலாம். யு.ஜி.சி. 2018-ல் வெளியிட்ட அறிவிப்பின்படி, சேர்க்கைக்கான கடைசித் தேதிக்கு 15 நாள் முன்பே விலகினால் முழுப் பணமும் திரும்ப வர வேண்டும். நடைமுறைச் செலவு என்று அதிகபட்சம் 5 சதவீதம், அதுவும் 5 ஆயிரம் ரூபாய்க்கு மிகாமல்தான் பிடிக்கலாம். தாமதமாக விலகினால் தொகை படிப்படியாகக் குறையும். கடைசித் தேதி முடிந்து 30 நாள் கடந்தால் ஒன்றும் கிடையாது. ஒரிஜினல் மார்க் ஷீட்டையும் டி.சி.யையும் காலேஜ் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் அதே அறிவிப்பில் இருக்கிறது. சரிபார்த்துவிட்டு அங்கேயே திருப்பிக் கொடுக்க வேண்டும். விலகல் கடிதத்தை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து அல்லது மின்னஞ்சல் நகலை வைத்துக்கொள்வது அவசியம்.

இன்னொரு போனும் வரும். "உங்களுக்கு ஸ்காலர்ஷிப் சாங்ஷன் ஆகியிருக்கு, இந்த க்யூ.ஆர். கோடை ஸ்கேன் பண்ணுங்க, ஓ.டி.பி. சொல்லுங்க" என்று கல்வித் துறையிலிருந்து பேசுவது போலவே பேசுவார்கள். பணம் வாங்குவதற்கு க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்யவோ, பின் நம்பர் போடவோ தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அந்தப் பணத்தை வழியிலேயே முடக்கும் வாய்ப்பும் அவ்வளவு அதிகம்.